பின்சக்கரம் பெரியப்பாவுடையது

அன்பு மகன் சதீஷுக்கு,

தானே புயல் அடித்துவிட்டுப் போன வருஷம் அது. வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும், வேண்டுமானால் அவள் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். நீ அப்போது பத்தாவது. கரண்டு கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்ததால் மெழுகுவத்தி வைத்துப் படித்தாய், தூங்கி விழுந்து முன்மயிரைக் கருக்கிக்கொண்டாய். பாகூர் ஏரி கரை தொட்டு நின்றது. கரும்பு பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. நம் வெள்ளைப் பசு கிடேரி போட்டதும் அந்தப் பொங்கலுக்குத்தான். நம் கொல்லைக்கும் உன் பெரியப்பா கொல்லைக்கும் நடுவே, பொது வரப்பில் நின்ற புளியமரம் அந்தப் புயலில் வேரோடு சாய்ந்தது. மரம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அதை விற்று வாங்கிய மோட்டார் சைக்கிளும் அதனால் பொது.

போனில் நீ கேட்டாய். "இன்னாப்பா நீ, அந்தப் பழைய வண்டிக்குப் போய் வில்லியனூர் ஷோரூம்ல ரெண்டு புது டயர் போட்டியாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்யாணத்துக்கு நான் புது வண்டியே எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றாய். "அது கெடக்கட்டும், பெரியப்பாவுக்குப் பத்திரிகை வெச்சியா இல்லியா?" என்றாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் அது நீளமான பதில். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிடுவாய். ஓசூரில் உன் மேலாளர் எந்த நேரமும் கூப்பிடுவார். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாயிருக்கும். தனக்குப் பிடிக்காத இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். பந்தக்கால் நடும்போது பங்காளிகளில் மூத்தவர் முதலில் கை வைக்க வேண்டும். நம் வகையறாவில் இன்று மூத்தவர் உன் பெரியப்பா கோதண்டம். அவரும் நானும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. திருபுவனையிலிருந்து உன் மாமனார் வந்தபோது, "மூத்தவரை எப்ப பார்க்கலாம் சம்பந்தி?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மழுப்பினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. அவர் பேருந்து ஏறிப் போனபின் உன் அம்மா கேட்டாள்: "அவுரு வராம பந்தக்காலை யாரு நடுவா, நீயும் பக்கத்து வூட்டுக்காரனுமா?" அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சண்டை எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். போர்க்கிணறு பொது, தண்ணீர் முறை ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு கோடையில் என் முறை நாளில் பாதிப் பகல் கரண்டு போய்விட்டது. போன நேரத்தை மறுநாள் அவர் முறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் மோட்டாரைப் போட்டேன். கரண்டு போனால் போனதுதான், அடுத்தவன் முறையில் எடுக்கக்கூடாது என்பது அவர் நியாயம். களை எடுக்க வந்த பெண்களுக்கு நடுவே, "அடுத்தவன் முறையில கை வெக்கிறவன் எதுலயும் கை வெப்பான்" என்றார். நானும் விடவில்லை. "இனிமே உன் வூட்டுப் படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. சொன்ன சொல் மட்டும் வரப்பு மாதிரி நடுவில் படுத்துக்கொண்டது.

பேச்சு நின்றதே தவிர வண்டி நிற்கவில்லை. தண்ணீர் யாருக்கோ அன்றைக்கு வண்டியும் அவருக்கு என்பது வாங்கிய நாளிலிருந்து நடந்துவந்த வழக்கம். முறை முடிந்த சாயந்திரம் வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் கொட்டகையில் நிறுத்தி, சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிடுவேன். அவர் வந்து எடுத்துப் போவார். மறுநாள் அவரும் அப்படியே விட்டுவைப்பார். இத்தனை நாளில் இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வண்டி மட்டும் போய்ப் போய் வந்தது. ஒருநாளும் வண்டி சேறோடு வந்ததில்லை. சீட்டுத் துடைத்திருக்கும். நான் எவ்வளவு பெட்ரோலோடு விட்டேனோ அவ்வளவும் இருக்கும். சண்டையிலும் மனுஷன் கணக்கானவர் என்று நினைத்துக்கொள்வேன்.

டயருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முதல்முறை பின்டயர் தேய்ந்தபோது, யார் மாற்றுவது என்று பேச்சு வந்தது. அப்போது நாங்கள் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான், அவ்வளவு ஒற்றுமை. உன் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "பாகம் பிரிச்சிடலாம்டா. பெரியவன் பிரிக்கணும், சின்னவன் எடுக்கணும். முன்சக்கரம் ஒரு பங்கு, பின்சக்கரம் ஒரு பங்கு. உனுக்கு எது?" என்றார். முன்னால் போவதுதானே கௌரவம் என்று நான் முன்சக்கரம் என்றேன். "போடா பைத்தியம்" என்றார். பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில்தான், அதுதான் சீக்கிரம் தேயும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். அதன்பின் அவர் பலமுறை பின்டயர் மாற்றினார், ஒவ்வொரு முறையும் வில்லியனூர் ஷோரூமில்தான். நான் ஒரே ஒருமுறை, நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம், முன்டயர் மாற்றினேன். இதைச் சொல்லி மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து நாங்கள் சிரித்த நாளும் உண்டு.

இந்த ஐப்பசியில் பின்டயர் வழவழவென்று ஆகிவிட்டது. குனிந்து பார்த்தால் உள்ளே நூல் தெரிந்தது. அது அவர் பங்கு. இன்று மாற்றுவார், நாளை மாற்றுவார் என்று பார்த்தேன். முறைக்கு முறை வண்டி துடைத்து வந்தது, டயர் மட்டும் அப்படியே வந்தது. நானாக மாற்றினால் அவர் நிலத்தில் கேட்காமல் ஏர் ஓட்டியது போல ஆகும். மாற்றச் சொல்லலாம் என்றால் பேச்சு இல்லை. நான் விழுந்து சாகட்டும் என்று பார்க்கிறாரா என்றுகூட எனக்குத் தோன்றியது. மனசு ஒருமுறை கோணிக்கொண்டால் எதையும் கோணலாகத்தான் பார்க்கும், சதீஷ். கார்த்திகை பிறந்து நல்ல மழை. உன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கல்யாணப் புடவை பார்க்கப் போனபோது, வாய்க்கால் மதகு மேல் பின்சக்கரம் சறுக்கியது. நான் தப்பித்தேன். அவள் சரிந்து விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்லிவிட்டேன், இப்போது முறைக்கிறாள். அன்றைக்கு ஈரப் புடவையோடு மதகிலேயே உட்கார்ந்து, "அவுரு டயரு, அவுரு டயருன்னு சொல்லிச் சொல்லியே என்னை வாய்க்கால்ல சேக்கப் போற. சக்கரத்துல பேரா எழுதியிருக்கு? போய் மாத்திக்கினு வா" என்றாள்.

மறுநாள் விட்டு அடுத்த நாள் என் முறை. தெருவோரக் கடையில் போட்டிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். அண்ணன் ஷோரூமில் போடுகிற மனுஷன். அவர் சக்கரத்துக்கு நான் மட்டமாகப் போட்டேன் என்று ஒரு சொல் வரக்கூடாது. அதற்காகத்தான் வில்லியனூர் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சேறு படிந்த காலோடு நுழையக் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "வாங்கப்பா, இன்னா வேலை பாக்கணும்?" என்றாள். பின்டயர் மட்டும் மாற்ற வேண்டும் என்றேன்.

"முன்டயர் பாக்க வேணாமா?"

"அது எப்ப மாத்தணும்னு எனக்குத் தெரியும்மா. அது என்னுது. பின்சக்கரம் எங்க அண்ணனுது. அவரு இன்னும் மாத்தல, அதான் நான் வந்தேன்."

அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்ப வண்டி யாருதுப்பா?"

"வண்டி பொது."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்பக்கம் திரும்பி, "அண்ணா, சீக்கிரம் வாங்க, அரை வண்டிக்காரரு ஒருத்தரு வந்திருக்காரு" என்று கூப்பிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளிருந்து ஒரு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்டயரை ஒரு பார்வைதான் பார்த்தார். முன்டயர் பக்கம்தான் வெகுநேரம் குந்தியிருந்தார். விரல்நகத்தால் பக்கவாட்டில் அழுத்தி, என்னைக் குனியச் சொன்னார். டயரின் பட்டையெல்லாம் அப்படியே இருந்தது, புதுசு போல. பக்கத்தில் மட்டும் வெயிலில் காய்ந்த ஏரிமண் மாதிரி வெடிப்பு வெடிப்பாக. அழுத்தினால் வாயைத் திறந்தது.

"பெரியவரே, உங்க அண்ணன் டயரு தேஞ்சிதான் போயிருக்கு. உங்க டயரு செத்தே பூட்ச்சி" என்றார். "தேயாததால நல்லா இருக்குன்னு நெனச்சிக்கினு இருந்திருக்கீங்க. வெயில்ல நின்னு நின்னு ரப்பர் கெட்டியாயிடிச்சி. வேகத்துல போம்போது இது வெடிச்சா ஆளு மிஞ்சாது."

அவர் தேய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, என் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து எத்தனை வருஷமோ. இரண்டையும் மாற்றச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தி இரண்டு சக்கரத்தையும் கழற்றியபோது அது சின்னக் கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "அப்பா, உங்க அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, இனிமே ரெண்டு சக்கரத்தையும் ஒருத்தரே பாருங்க" என்றாள். கிளம்பும்போது மெக்கானிக், புது டயர் கொஞ்ச நாளைக்கு வழுக்கும், மெதுவாகப் போங்கள் என்றார். பழைய டயர்களைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். அண்ணனுடையதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. கயிறு வாங்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.

சாயந்திரம் வண்டியையும் பழைய டயரையும் மோட்டார் கொட்டகையில் வைத்தேன். வழக்கம்போலத் திரும்பி வர மனசு வரவில்லை. அவர் என்ன செய்வார் என்று பார்த்துவிட வேண்டும் என்று வாழைக்குள் போய் நின்றேன். இந்த வயசில் ஒளிந்து நிற்பது வெட்கம்தான். உன் பெரியப்பா வந்தார். வரப்பைக் காலால் தடவித் தடவி வந்தார். சாவி எடுத்தார், வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். ஏறவில்லை. எஞ்சினைப் போடவில்லை. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மாட்டை ஓட்டிப் போவது போலத் தள்ளத் தொடங்கினார். பழைய டயர் காலில் தடுக்கியது. குனிந்து தடவிப் பார்த்தார். அப்புறம் புது டயரைத் தடவினார். புது டயரில் ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதை ஒவ்வொன்றாக விரலால் உரசினார்.

"வாழைக்குள்ள யாரு? நீதானே? இருமல் கேக்குது. வெளியே வா" என்றார்.

வந்தேன். "யாரைக் கேட்டு மாத்தின?" என்றார். இரண்டு வருஷம் கழித்து முதல் பேச்சு அதுதான்.

"யாரையும் கேக்கல. மதகு மேல சறுக்கி சதீஷு அம்மா விழுந்துட்டா."

அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு எங்க அடி?"

"முழங்கையில. சிராய்ப்புதான். நூல் தெரிய ஓட்டினா சறுக்காம இன்னா பண்ணும்?"

பழைய டயரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி தடவினார். "இவ்ளோ தேஞ்சி பூட்ச்சா? எப்பிடிடா தேயும்? நான்தான் ஓட்டறதே இல்லியே."

அப்போதுதான் சொன்னார், ஆடியிலிருந்து அவர் வண்டி ஓட்டவில்லையாம். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பாண்டிக்கு அழைத்துப்போய்க் காட்டியதில், இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் பெரியம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் நிழலாட்டம் தெரியுமாம். நடந்து பழகிய வரப்பு என்பதால் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆக, இந்த மழைக்காலம் முழுக்க அவர் சக்கரத்தைத் தேய்த்தது நான் ஒருவன்தான். தேய்த்துவிட்டு, அவர் மாற்றவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டாதவரு எதுக்கு முறை முறையா வந்து வண்டிய எடுத்துக்கினு போற?" என்றேன்.

"முறைன்னா முறை. வாசல்ல நிறுத்துவேன். தொடைப்பேன். சாயந்திரம் திரும்பக் கொண்டாந்து விடுவேன். நான் எடுக்காம விட்டா, அண்ணன் வுட்டுட்டான்னு நீயும் வுட்டுடுவ" என்றார்.

கண் தெரியாத மனுஷன் மழையிலும் வெயிலிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார், சதீஷ். எனக்கு வண்டி பெட்ரோல் குறையாமல் வந்ததே, அதன் கதை இதுதான். நாளைக்கு நீயும் உன் பெண்டாட்டியும் இது உன் வேலை, இது என் வேலை என்று பிரித்துக்கொள்வீர்கள். பிரிக்காமல் குடும்பம் நடக்காது, பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் பங்கில் ஒன்று தேய்கிறது என்று கண்ணில் பட்டால், ஏன் இன்னும் சரி செய்யவில்லை என்று கேட்பதற்கு முன்னால், அதைத் தேய்ப்பது யார் என்று ஒருமுறை பார். அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள் என்றும் வைத்துக்கொள். சொல்லாதவர்களின் வீட்டில்தான் நீ பிறந்திருக்கிறாய். உன் சக்கரத்தையும் அவ்வப்போது நகத்தால் அழுத்திப் பார்.

அன்றைக்கு வண்டியை அவர் தள்ளவில்லை. நான் ஏறி உட்கார்ந்து, "உக்காரு, வூட்ல விடறேன்" என்றேன். "படிய மிதிக்க மாட்டேன்னியே?" என்றார். "மிதிக்கல, வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போறேன்" என்றேன். வாசலில் உன் பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் பார்த்துவிட்டு, உள்ளே போய் உலை வைத்தாள். அப்புறம் படியை மிதிக்காமல் எப்படி இருப்பது? சாப்பிடும்போது உன் கல்யாணப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவர்தான், "பொண்ணு வூட்டுக்காரன் என்னைப் பாக்கணும்னானாமே, நீ ஒடம்பு சரியில்லைன்னியாமே. அது ஒண்ணுதான்டா நீ இந்த ரெண்டு வருசத்துல சொன்ன நெசம்" என்றார். யார் போய்ச் சொன்னார்களோ. தட்டைப் பார்த்துக்கொண்டே, "பத்திரிகைய எடுத்துக்கினு காலையில வா. மொதல்ல கரையாம்புத்தூர் போவணும்" என்றார்.

போனோம். மெக்கானிக் சொன்னபடி மெதுவாகத்தான் ஓட்டினேன். கரும்பு வண்டிகூட எங்களை முந்திப் போனது. நடுவில் தமிழ்நாடு வந்து போனது, மறுபடி நம் புதுச்சேரி எல்லை வந்தது. மேடு பள்ளம் வந்தால் சொல்லு என்றார், நானும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் கை என் தோளை விடவில்லை. கரையாம்புத்தூரில் எங்கள் அப்பாவின் தங்கை, ஷீட்டுத் தாழ்வாரத்தில் நைலான் கட்டிலில் படுத்திருந்தாள். எங்கள் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, கையைக் கண்மேல் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களே. எவன்டா செத்தான்?"

"யாரும் சாவல அத்த" என்றார் உன் பெரியப்பா. என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி, பாக்கு வெற்றிலையும் பத்திரிகையும் விழாமல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, குனிந்து நீட்டினார். "எங்க புள்ள சதீஷுக்குக் கல்யாணம். பந்தக்கால் நான் நடறேன். நீ வந்து முன்னால நிக்கணும்."

எங்க புள்ள என்றார், சதீஷ். பத்திரிகை வைத்தாயா என்று கேட்டாயே. நான் வைக்கவில்லை. அவர்தான் எல்லோருக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் வண்டி ஓட்டுகிறேன்.

அத்தை எங்களை விட்டுவிடவில்லை. ரெண்டு வருசமா ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கலையே, வாய்க்காத் தண்ணிக்கு அடிச்சிக்கினீங்களாமே, உங்கப்பன் இருந்தா ரெண்டு பேரையும் அதே வாய்க்கால்ல முக்கியிருப்பான் என்று ஆரம்பித்தாள். நாங்கள் நரைத்த தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம். திட்டி முடித்துவிட்டு, "என்னை எதுலடா இட்டுக்கினு போவீங்க? அந்த வண்டியிலதானே? நடுவுல உக்காத்தி வெச்சி இட்டுக்கினு போங்க" என்றாள். கார் வைத்துக் கூட்டிவரலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். நீயே வந்து பேசிப் பார்.

ஆகவே புது வண்டி வேண்டாம். நீ ஊருக்கு வந்து இறங்கியதும், வீட்டுக்குள் நுழையும் முன்னால் பெரியப்பாவைப் பார். அவரையும் ஏற்றிக்கொண்டு கரையாம்புத்தூர் போ. எங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பெரியவர் போனார், மடுகரைச் சித்தப்பா போனார், போன மாசியில் சின்ன அத்தையும் போய்விட்டாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து டேய் என்று கூப்பிட இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான், அஞ்சலை அத்தை.